14 கடைகளின் கணக்கு இருக்கும் லேப்டாப்பைப் பூட்டிய அனுபவம்

“அக்கா, என் போன்ல ஏதோ ஹார்டுவேர்ஸ் கடை பேர்ல ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் வருது. இது யாரோடது?”

தேனிக்காரி போனை நீட்டியபோது அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. ஒரு கையால் அடுப்பை அணைத்துவிட்டு மறு கையில் போனை வாங்கினேன். கூகுளின் பாஸ்வேர்டு பட்டியல் திறந்திருந்தது. ரயில் டிக்கெட் ஐடி, டிஎன்பிஎஸ்சி ஐடி என்று மேலே அவளுடையவை. கீழே ஜிஎஸ்டி போர்ட்டல். அதைத் தொட்டதும் 14 பெயர்கள் வரிசையாக விரிந்தன. ஹார்டுவேர்ஸ், இரண்டு மளிகை, ஒரு ஃபிளக்ஸ் பிரிண்டிங், ஒரு தண்ணீர் கேன் ஏஜென்சி. எல்லாரும் என் வாடிக்கையாளர்கள். கண் படத்தைத் தொட்டால் பாஸ்வேர்டும் தெரிந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மேடவாக்கத்தில் இரண்டு பெட்ரூம் வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். மூத்தவரை எல்லாரும் பெரியக்கா என்போம். ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஷிஃப்ட் வேலை. தேனிக்காரி துணிக்கடையில் பில்லிங் பார்த்துக்கொண்டே அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். திருவாரூர்க்காரி டிகிரி முடித்துவிட்டு வேலை தேடுகிறாள். நான் சிறு கடைகளுக்கு டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் கணக்கெழுதி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி. வீட்டில் இருக்கும் ஒரே லேப்டாப் என்னுடையது. அதுதான் என் சோறு.

நடந்தது இதுதான். சில நாட்களுக்கு முன் நான் வெளியே போயிருந்தபோது தேனிக்காரி என் லேப்டாப்பில் தேர்வு விண்ணப்பம் நிரப்பியிருக்கிறாள். அதற்காக என் குரோமில் தன் ஜிமெயிலைத் திறந்திருக்கிறாள். சிங்க், அதாவது குரோமில் இருப்பதைக் கணக்கோடு ஒத்திசைப்பதை, ஆன் செய்யலாமா என்று குரோம் கேட்டிருக்கிறது; ஆமாம் என்று அழுத்திவிட்டாள். நான் அந்தக் குரோமில் எந்த கூகுள் கணக்கிலும் நுழையாமல், பாஸ்வேர்டுகளை வெறுமனே சேமித்து வைத்திருந்தேன். அவை அத்தனையும் அவள் கணக்கில் ஏறிவிட்டன. அவள் திருடவில்லை. அவளாகவே கொண்டுவந்து காட்டியதால்தான் எனக்கே தெரிந்தது. ஆனால் அதே கணக்கு தேனியில் அவள் வீட்டு டேப்பிலும் திறந்திருந்தது. அந்த டேப் யார் யார் கையில் இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

அழிக்கும்போது வரிசை முக்கியம். சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் போனில் பாஸ்வேர்டை அழித்தால் என் லேப்டாப்பிலும் அழிந்துவிடும். அதனால் முதலில் 14 பேருடைய விவரத்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்து லேப்டாப் குரோமிலிருந்து அவள் கணக்கை வெளியேற்றினேன். அதற்குப் பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கினோம். கடைசியாக எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன். மாற்றும் முன் ஒவ்வொரு கடைக்காரருக்கும் போன் போட்டு, என்ன நடந்தது, எதற்காக மாற்றுகிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஹார்டுவேர்ஸ் கடை அண்ணாச்சி மட்டும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரிம்மா, இனிமே பாத்துக்க” என்றார். அந்தச் சில நொடிகளை நான் மறக்கப் போவதில்லை.

எப்போது திறக்கிறார்கள்

பூட்டு போடுவதற்கு முன்னால், எந்த வழியாக உள்ளே வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். யாரையும் மாட்டிவிடுவதற்காக அல்ல. திறந்து கிடக்கும் வாசல் எது என்று தெரியாமல் பூட்டு வாங்கிப் பயனில்லை.

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்தால் ஈவென்ட் வியூவர் வரும். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். தூக்கத்திலிருந்து லேப்டாப் எழும் ஒவ்வொரு முறையும் பவர் ட்ரபிள்ஷூட்டர் என்ற பெயரில் ஒரு பதிவு விழும். எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது என்று இரண்டு நேரமும் அதில் இருக்கும். முதலில் நான் குழம்பினேன். மாலை 6:22க்கு எழுந்ததாகக் காட்டியது, அந்த நேரத்தில் நானே அதில் வேலை செய்துகொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன், அந்தப் பதிவின் உள்ளே எழுதியிருப்பது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் இரவு 11:52. நான் படுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

புது மாடல் லேப்டாப் பலவற்றில் இந்தப் பதிவு இருக்காது. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற வேறு வகைத் தூக்கம் அவற்றில் இருக்கும். அங்கே கெர்னல் பவர் என்ற பெயரில் 506, 507 என்ற எண்களைத் தேட வேண்டும். 506 என்றால் தூங்கப் போனது, 507 என்றால் எழுந்தது. என்னுடையது 2021இல் வாங்கிய ஐ3, பழைய வகைத் தூக்கம்.

மூடியைத் திறந்தபடியே வைத்துவிட்டு நான் வெளியே போன நேரங்கள் இதில் தெரியாது. அதற்கு விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட் உதவியது. கமாண்ட் பிராம்ப்டில் ஒரு வரி கொடுத்தால், கடந்த சில நாட்களில் எந்த நிமிடம் லேப்டாப் விழித்திருந்தது, எந்த நிமிடம் தூங்கியது என்று ஒரு பக்கமாக எடுத்துக் கொடுக்கும். செக்யூரிட்டி லாக்கில் 4624 என்ற எண்ணும் உண்டு. யாராவது உள்ளே நுழைந்தால் விழும் பதிவு அது. ஆனால் விண்டோஸ் தன் சொந்த வேலைக்காகவும் நூற்றுக்கணக்கில் அதைப் போட்டு வைக்கும். லாகான் டைப் என்ற வரியில் 5 இருந்தால் விட்டுவிடலாம். 2, 7, 11 இருந்தால்தான் ஆள் உட்கார்ந்து திறந்தது.

ஒன்பது நாள் பார்த்தேன். நான் இல்லாத நேரத்தில் ஆறு முறை. அதில் நான்கு, மாலையில் நான் கோயிலுக்கோ மளிகை வாங்கவோ போய் வந்த இடைவெளி. மூடி திறந்தே இருந்திருக்கிறது. இரண்டு, இரவு நான் தூங்கிய பிறகு. அந்த இரண்டுக்கும் பின் நம்பர் தெரிந்திருக்க வேண்டும்.

நேராகவே கேட்டேன். திருவாரூர்க்காரி உடனே சொல்லிவிட்டாள். “காலையில இன்டர்வியூக்கா. ரெஸ்யூம்ல ஒரு வரி மாத்தணும். நீங்க அசந்து தூங்கிட்டிருந்தீங்க, எழுப்ப மனசு வரல.” பின் நம்பர் எப்படித் தெரியும் என்றேன். “நீங்க அழுத்துறப்ப பக்கத்துலதானே உக்காந்திருப்பேன்.” ஒரே கட்டிலில் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து வேலை செய்யும் வீட்டில் நான்கு இலக்க எண் எத்தனை நாளைக்கு ரகசியமாக இருக்கும்?

முதல் பூட்டு

ஆறில் நான்கு முறை எந்தப் பூட்டையும் யாரும் திறக்கவில்லை. நான் பூட்டவே இல்லை. ஆகவே முதல் வேலை, எழுந்திருக்கும்போதெல்லாம் விண்டோஸ் பொத்தானோடு எல் அழுத்துவது. சொல்வதற்குச் சுலபம், கை பழக வேண்டுமே. எல் பொத்தானின் மேல் ஒரு சின்ன சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். மூக்குத்தி அளவுப் பொட்டு. எழுந்திருக்கும்போது கண்ணில் படும், இருட்டில் விரலிலும் தட்டுப்படும். இரண்டு வாரத்தில் கை தானாகவே போக ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பொட்டு தேய்ந்து வழுக்கிக்கொண்டு வரும், வேறொன்று ஒட்டுவேன்.

மறந்துவிட்டால் தானாகப் பூட்டிக்கொள்ள மூன்று விஷயம் செய்தேன். இரண்டு நிமிடம் தொடாமல் இருந்தால் திரை அணையும். மூடியை மூடினால் தூங்கும். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று போனால், தூக்கத்திலிருந்து எழும்போது மறுபடி பின் நம்பர் கேட்க வேண்டுமா என்று ஒரு கேள்வி இருக்கும். அங்கே கேட்கச் சொன்னேன். ஸ்கிரீன் சேவர் அமைப்பிலும் “திரும்பும்போது லாகான் திரை காட்டு” என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இது இல்லாமல் திரை மட்டும் அணைந்தால் அது பூட்டே இல்லை; மவுஸை ஆட்டினால் டாலி அப்படியே நிற்கும்.

டைனமிக் லாக் என்று ஒன்று இருப்பதையும் சோதித்தேன். போனை புளூடூத்தில் இணைத்துவிட்டால், நாம் போனோடு விலகிப் போனதும் லேப்டாப் தானே பூட்டிக்கொள்ளும். போனை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனேன், பூட்டவில்லை. பால்கனி, அதற்கும் பூட்டவில்லை. கீழே இறங்கித் தெருமுனைக் கடைக்குப் போய் வந்தபோது பூட்டியிருந்தது. எங்கள் வீட்டின் எந்த மூலைக்குப் போனாலும் புளூடூத் எட்டிவிடுகிறது. ஆகவே வெளியே போகும்போது மறந்துவிட்டால் காப்பாற்றும், குளிக்கப் போகும்போது காப்பாற்றாது. அப்படியே ஆனில் விட்டிருக்கிறேன்.

பின் நம்பரையும் மாற்றினேன். எண் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மாற்றும் இடத்தில் எழுத்தும் குறியும் சேர்க்க ஒரு டிக் பெட்டி இருக்கிறது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து வைத்தேன். ஊர்ப்பெயர், பிறந்த வருடம், அம்மா பெயர் எதுவும் அதில் இல்லை. கூட இருப்பவர்களுக்கு அவை முதலில் தெரியும். வேண்டுமென்றே தப்பாக அடித்தும் பார்த்தேன். சில தப்புக்குப் பிறகு, ஒரு குறிப்பிட்ட எழுத்து எண் கலவையை அடித்துக் காட்டச் சொல்லும். அதற்கும் மேல் தப்பு செய்தால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும். வாய்க்கு வந்த எண்ணை அடித்துப் பார்ப்பவருக்கு இது போதுமான தடை.

அவர்களுக்கென்று ஒரு இடம்

பூட்டை மட்டும் போட்டிருந்தால் இந்தக் கதை சண்டையில் முடிந்திருக்கும். திருவாரூர்க்காரிக்கு ரெஸ்யூம் திருத்த வேண்டும், தேனிக்காரிக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். போனில் அந்தப் படிவங்களை நிரப்புவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். அவர்கள் தேவை நிஜம். நான் தடுக்க வேண்டியது லேப்டாப்பைத் தொடுவதை அல்ல, என் கணக்குக்குள் நுழைவதை.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய்ப் புதுக் கணக்கு ஒன்று சேர்த்தேன். மைக்ரோசாஃப்ட் ஈமெயில் கேட்கும். அந்த ஆளின் விவரம் இல்லை என்று சொல்லி அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலே சேர்க்கலாம். பெயர், “வீடு”. வகை, ஸ்டாண்டர்டு, அட்மின் அல்ல. ஸ்டாண்டர்டு என்றால் லேப்டாப் முழுமைக்குமான சாஃப்ட்வேர் எதைப் போடவும் என் பாஸ்வேர்டு கேட்கும். குரோமும் அங்கே தனியாக, புதிதாக இருக்கும். யாருடைய ஜிமெயிலைத் திறந்தாலும் என் பக்கம் எட்டாது.

அடுத்து, நானே “வீடு” வழியாக உள்ளே போய், என் ஃபைல்களை எடுக்க முடிகிறதா என்று பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன்.

சி டிரைவில் என் பெயரிலுள்ள ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்றது. நிம்மதி. டி டிரைவைத் திறந்தேன். மூன்று வருட ரிட்டர்ன், பில் ஸ்கேன், ஆதார், பான் நகல், அத்தனையும் தெரிந்தது. ஒரு ஃபைலை அழித்தும் பார்த்தேன். ஒரு கேள்வியும் இல்லாமல் அழிந்தது. நாமாகப் பிரித்து வைக்கும் டிரைவில், லேப்டாப்பில் கணக்கு வைத்திருக்கும் எல்லாருக்கும் படிக்கவும் மாற்றவும் அனுமதி இருப்பதுதான் விண்டோஸின் இயல்பு. அதைவிட அதிர்ச்சி டாலியில். என் டாலிபிரைம் டேட்டாவை வைத்திருந்த இடம் சி டிரைவில் பப்ளிக் என்ற ஃபோல்டர். பெயரிலேயே இருக்கிறது, அது எல்லாருக்கும் பொது. நான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. போடும்போது அதுவாகக் காட்டிய இடத்தை அப்படியே விட்டிருந்தேன். தனிக் கணக்கு வைத்துக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் தயவுசெய்து இந்த இரண்டு இடத்தையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஃபோல்டரில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய், மேலிருந்து வரும் அனுமதியை முதலில் துண்டித்தேன். துண்டிக்கும்போது ஏற்கெனவே உள்ளவற்றை அப்படியே மாற்றித் தர வேண்டுமா என்று கேட்கும். ஆமாம் என்றே சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் நீக்கு என்றால் நாமும் வெளியே நின்றுவிடுவோம். அதன்பின் பட்டியலில் யூசர்ஸ், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் போன்று எல்லாருக்கும் பொதுவானவற்றை நீக்கி, என் பெயர், சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் மூன்றை மட்டும் விட்டேன். மறுபடி “வீடு” வழியாகப் போனேன். இந்த முறை கதவு அடைத்திருந்தது.

பென்டிரைவ் சோதனை

ஒரு ஞாயிறு மதியம், விண்டோஸ் போலவே இன்னொரு சிஸ்டமான உபுண்டு போட்ட பென்டிரைவ் ஒன்றைச் செருகி, எஃப்12 அழுத்தி அதிலிருந்து லேப்டாப்பை எழுப்பினேன். கையெழுத்திட்ட சிஸ்டத்தை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் ஆனில்தான் இருந்தது. உபுண்டு முறையாகக் கையெழுத்திட்ட சிஸ்டம் என்பதால் அது தடுக்கவில்லை. டெஸ்க்டாப் வந்தது. டிஸ்கைத் தொட்டேன். பின் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, நான் அரை நாள் உட்கார்ந்து போட்ட அனுமதி எதுவும் இல்லை. ஹார்டுவேர்ஸ் அண்ணாச்சியின் பான் கார்டு படம் இரண்டே கிளிக்கில் திறந்தது. விண்டோஸ் காவல் நிற்கும்வரைதான் விண்டோஸின் அனுமதிகளுக்கு மதிப்பு. வேறு சிஸ்டம் எழுந்தால் அது அவற்றைக் கண்டுகொள்வதில்லை.

எங்கள் வீட்டில் யாரும் இப்படிச் செய்யப் போவதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் உண்டு, லேப்டாப் சர்வீசுக்குப் போகும், பஸ்ஸில் தொலையலாம். கடைக்காரர்களின் ஆதாரை வைத்திருக்கும் நான் அதோடு விட முடியாது.

இதற்கு மருந்து டிஸ்கையே சங்கேதமாக்குவது. விண்டோஸ் ஹோமில், டிஸ்கைச் சங்கேதமாக்கும் பிட்லாக்கர் முழுமையாகக் கிடையாது. டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற எளிய வடிவம் மட்டும் சில லேப்டாப்பில் உண்டு. என்னுடையதில் அந்த வரியே செட்டிங்ஸில் இல்லை. சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அட்மினாகத் திறந்தால் அடியில் காரணம் எழுதியிருக்கும். மாடர்ன் ஸ்டாண்ட்பை இல்லை என்பது காரணம். இது 2024 தொடக்கத்தில். அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இந்த நிபந்தனையைத் தளர்த்திவிட்டார்கள். உங்கள் செட்டிங்ஸில் அந்த வரி இருந்தால் அதையே ஆன் செய்யுங்கள். 48 இலக்க மீட்புச் சாவியை மட்டும் லேப்டாப்புக்கு வெளியே பத்திரமாக வையுங்கள்.

நான் வெராகிரிப்ட் என்ற சங்கேத சாஃப்ட்வேரைப் போட்டேன். இலவசம், 2014இல் நின்றுபோன ட்ரூகிரிப்ட் என்ற பழைய சாஃப்ட்வேரின் வழியில் தொடர்வது. 20 ஜிபி அளவில் ஒரு ஃபைல் உருவாக்கச் சொன்னேன். வெளியிலிருந்து பார்த்தால் அர்த்தமில்லாத ஒற்றை ஃபைல். பாஸ்வேர்டு கொடுத்தால் அது ஒரு தனி டிரைவாகத் திறக்கும். உருவாக்கும் நேரத்தில் மவுஸை இங்குமங்கும் ஆட்டச் சொல்கிறது. ஆட்ட ஆட்ட ஒரு கோடு நீண்டு பச்சையாகும். நம் கையசைவின் தாறுமாறிலிருந்துதான் சாவிக்கான எண்களை அது எடுக்கிறது. பாஸ்வேர்டு 20 எழுத்துக்குக் குறைந்தால் எச்சரிக்கும். நான் ஆறு சொற்கள் சேர்த்தேன். மறந்தால் யாராலும் திறக்க முடியாது, அந்த நிறுவனத்தாலும் முடியாது. தாளில் எழுதி உறையில் போட்டு, விருதுநகரில் அம்மாவின் பீரோவில் பத்திரக் கட்டோடு வைத்துவிட்டு வந்தேன். ஃபைலின் தலைப்பகுதி கெட்டுப்போனால் பாஸ்வேர்டு தெரிந்தும் திறக்காமல் போகலாம் என்பதால் அதற்கும் ஒரு பேக்கப் எடுத்து வேறு பென்டிரைவில் வைத்தேன்.

டாலி டேட்டா, ஸ்கேன் எல்லாவற்றையும் அதற்குள் மாற்றி, டாலியில் டேட்டா இருக்கும் பாதையையும் அங்கே காட்டினேன். பழையவற்றை நீக்கப் போனபோதுதான் எத்தனை இடத்தில் சிதறிக் கிடக்கிறது என்று தெரிந்தது. டாலி பேக்கப் ஃபோல்டரில் ஒரு முழுப் பிரதி. டவுன்லோட்ஸில் போர்ட்டலிலிருந்து இறக்கிய எக்ஸல் எல்லாம். டெஸ்க்டாப்பில் “புது ஃபோல்டர் 3”. ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடித் தேடிப் பொறுக்கினேன்.

ஒரு விஷயத்தில் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. திரை பூட்டியதும் அந்த டிரைவும் தானாக மூடிக்கொள்ள வெராகிரிப்டில் வழியுண்டு. பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் டாலி திறந்திருக்கும்போது டிரைவை வலுக்கட்டாயமாகப் பிடுங்கினால் டேட்டா கெட்டுப்போகும் ஆபத்து இருக்கிறது. அதனால் வலுக்கட்டாயம் வேண்டாம் என்று அணைத்துவிட்டு, 30 நிமிடம் யாரும் படிக்கவோ எழுதவோ இல்லையென்றால் மூடு என்று வைத்தேன். வீட்டைவிட்டுக் கிளம்பும்போதும் படுக்கும்போதும் டாலியை மூடி, டிரைவை நானே மூடுகிறேன். டாலியின் சொந்தப் பூட்டான டாலிவால்ட்டும் போட்டேன், கம்பெனிப் பட்டியலில் கடைப் பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறிகள்தான் தெரியும்.

கடைசியாக பயாஸ், அதாவது விண்டோஸ் எழும் முன்பே லேப்டாப்பில் ஓடும் அடிப்படை அமைப்பு. அதில் இரண்டு வகை பாஸ்வேர்டு இருக்கிறது. லேப்டாப்பை ஆன் செய்யும்போதே கேட்பது ஒன்று. பயாஸ் அமைப்புக்குள் நுழைய மட்டும் கேட்பது இன்னொன்று. முதலாவதை நான் போடவில்லை. போட்டால் “வீடு” கணக்கைத் திறக்கவும் ஒவ்வொரு முறையும் நான் வர வேண்டும். இரண்டாவதைப் போட்டு, பென்டிரைவிலிருந்து எழுவதையும் எஃப்12 பட்டியலையும் அணைத்தேன். பல லேப்டாப்களில் இந்த பாஸ்வேர்டை மறந்தால் உள்ளே பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் போகாது, சர்வீஸ் சென்டர்தான் கதி. அதுவும் அதே உறைக்குள் போயிற்று.

குரோமில் இருந்த பாஸ்வேர்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கீபாஸ்எக்ஸ்சி என்ற தனிப் பெட்டகத்துக்கு மாற்றினேன். சேமித்த பாஸ்வேர்டைக் காட்டச் சொன்னால் குரோம் பின் நம்பர் கேட்கும். ஆனால் போர்ட்டலின் லாகின் பக்கத்தைத் திறந்தால் கேட்காமலே நிரப்பி வைத்துவிடும். உள்ளே வந்துவிட்டவருக்கு அதுவே போதும். வாட்ஸ்அப் வெப்பையும் போனிலிருந்தே வெளியேற்றினேன். கடைக்காரர்கள் ஓடிபி அனுப்புவது அதில்தான்.

பேசியது

எல்லாம் முடிந்தபின் சொல்லவில்லை. “வீடு” கணக்கு தயாரான அன்று இரவே மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினேன். பெரியக்காவுக்கு முகம் வாடிவிட்டது.

“எங்களை நம்பலையாடி?”

“உங்களை நம்பாமலா வீட்டுச் சாவியை உங்ககிட்டக் கொடுத்துட்டு ஊருக்குப் போறேன்? இது என் பொருளா இருந்தா திறந்தே போட்டிருப்பேன்க்கா. 14 குடும்பத்தோட கணக்கு இது. உங்க ஆஸ்பத்திரியில பேஷண்ட் ஃபைலை என்கிட்ட காட்டுவீங்களா?”

பெரியக்கா சற்று நேரம் என்னையே பார்த்தார். “காட்ட மாட்டேன்” என்றார். அதற்குப் பின் அவர்தான் மற்ற இருவருக்கும் எடுத்துச் சொன்னார்.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆவது பிரிவில், உரிமையாளரின் அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவதையே தவறு என்கிறது. அதை நான் அங்கே எடுக்கவில்லை. ஒரே குக்கரில் சோறு வடிக்கிறவர்களிடம் சட்டம் பேசுவது அந்த நேரத்துக்குப் பொருந்தாது. அதற்குப் பதில் நேரம் பேசினோம். இரவு ஒன்பதுக்கு மேலும் ஞாயிறு முழுக்கவும் “வீடு” அவர்களுடையது. அவசரமென்றால் தூக்கத்தில்கூட என்னை எழுப்பலாம், நான் கோபப்பட மாட்டேன். 11க்கும் 20க்கும் முந்தைய இரண்டு நாள் மட்டும் கேட்க வேண்டாம். ஜெராக்ஸ் கடையிலிருந்து வரும் பென்டிரைவைச் செருகினால் முதலில் ஸ்கேன். இந்தக் கடைசி விதி தேனிக்காரி சொன்னது. அவள் கடை பில்லிங் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி ஒரு நாள் வியாபாரம் நின்றதைப் பார்த்திருக்கிறாள்.

“வீடு” கணக்கின் நேரத்தை விண்டோஸ் கட்டளை வழியாகவே கட்டுப்படுத்தவும் முயன்று பார்த்தேன். குறித்த நேரத்துக்கு வெளியே உள்ளே நுழைய விடாது, சரிதான். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவரை நேரம் முடிந்ததும் வெளியேற்றாது. பேச்சிலேயே ஒழுங்கு வந்துவிட்டதால் அதை நீக்கிவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஈவென்ட் வியூவரைத் திறந்து ஒரு பார்வை பார்க்கிறேன். என் பெயரில் நான் இல்லாத நேரத்துப் பதிவு எதுவும் இதுவரை விழவில்லை. “வீடு” பெயரில் நிறைய விழுகிறது, பெரும்பாலும் இரவு ஒன்பதேகாலுக்கு. திருவாரூர்க்காரிக்குப் பெருங்குடியில் வேலை கிடைத்துவிட்டது; முதல் சம்பளத்தில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கப் போகிறாளாம். வாங்கிய அன்றே தனிக் கணக்கு வைத்துத் தர வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். பொட்டு அட்டை ஒன்று அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.